பழைய கார் வாங்கி, சீரமைத்து, விற்பது எப்படி? வீட்டிலேயே செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விவரம் தெரிந்தவர் பழைய கார் வாங்க வந்தால் பளபளப்பான பெயின்டை அதிகநேரம் பார்க்க மாட்டார். குனிந்து அடியில் டார்ச் அடிப்பார். கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார். அப்புறம் "வேலை நடந்தபோது எடுத்த படங்கள் இருக்கிறதா?" என்று கேட்பார். இந்தக் கேள்விக்குத் தயங்காமல் ஒரு கோப்பை எடுத்து நீட்டுபவரின் கார் கேட்ட விலைக்குப் போகிறது. மற்றவர்களின் கார் எவ்வளவு மினுங்கினாலும் பேரம் இறங்கிக்கொண்டே போகிறது. அதனால் விற்பனை கடைசியில் வரும் வேலை என்று நினைக்காதீர்கள். வாங்கப் போகும் நாளிலிருந்தே அதற்கான வேலையும் கூடவே நடக்க வேண்டும்.

செலவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண மாடல் ஒன்றை முழுக்கப் பிரித்துச் சீரமைத்தால், உங்கள் உழைப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், செலவு பெரும்பாலும் விற்கும் விலையைத் தாண்டிவிடும். தேர்வில் கவனமாக இருந்து, தெரிந்த வேலைகளை நீங்களே செய்தால், ஒரு கார் விற்ற பணத்தில் அடுத்த காரை வாங்கலாம். பொழுதுபோக்காகச் செய்பவருக்கு அது நல்ல கணக்கு.

1. எந்தக் காரைத் தேர்ந்தெடுப்பது?

முதல் காருக்கு மனசு ஏங்கும் மாடலைத் தேடாதீர்கள். உதிரிபாகம் கிடைக்கும் மாடலைத் தேடுங்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1938இல் தொடங்கி 2003இல் மெக்சிகோவில் நிற்கும் வரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. மினி 1959 முதல் 2000 வரை 53 லட்சத்துக்கும் மேல். 1962இல் வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி 5 லட்சத்துக்கும் மேல். 1964இல் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங்கின் கதையும் இதுதான். இவற்றுக்குக் கதவு ரப்பரிலிருந்து தரைத் தகடு வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். எம்ஜிபிக்கு முழு பாடியே புதிதாக வாங்கலாம். எண்ணிக்கை அதிகம் என்றால் பாகமும் அதிகம், அனுபவம் சொல்ல ஆளும் அதிகம், நாளைக்கு வாங்க வருபவரும் அதிகம். அபூர்வமான கார் என்று ஆசைப்பட்டு வாங்கினால், பின்விளக்குக் கண்ணாடி ஒன்றுக்காக வருடக்கணக்கில் தேட நேரும்.

சிட்ரோயன் டிஎஸ் போன்ற கார்களைத் தள்ளிப்போடுங்கள் என்றும் சொல்வேன். 1955இல் வந்த அந்தக் கார் சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் மூன்றையும் ஒரே ஹைட்ராலிக் அமைப்பில் இயக்குகிறது. என்னைப் பொறுத்தவரை பொறியியலில் அதற்கு ஈடான கார் குறைவு. ஆனால் ஆரம்பகால வண்டிகளுக்குச் சிவப்புத் திரவம், பிந்தைய வண்டிகளுக்குப் பச்சைத் திரவம். மாற்றி ஊற்றினால் அமைப்பு முழுவதிலும் உள்ள ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். இப்படிப்பட்ட கார் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரட்டும்.

எஞ்சின் நன்றாக ஓடி பாடி துருப்பிடித்த கார், பாடி நன்றாக இருந்து எஞ்சின் ஓடாத கார், இரண்டில் எது என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள். எஞ்சினைத் தனியாகக் கழற்றி இறக்கிவிடலாம், தெரிந்தவரிடம் கொடுத்து ஓவர்ஹால் செய்யலாம். துரு தின்ற பாடி அப்படியல்ல. ஒரு தகட்டைத் திறந்தால் அதன் பின்னால் இன்னொன்று அரித்திருக்கும், அதற்குப் பின்னால் மற்றொன்று.

இன்னும் இரண்டு விஷயம். யாரோ பிரித்துப் பாதியில் விட்டு, அட்டைப்பெட்டிகளில் பாகங்களோடு விற்கும் காரைத் தொடாதீர்கள். எது இல்லை என்பது கடைசியில்தான் தெரியும். அடுத்தது இடம். பிரித்துப் போட்ட கார், நிற்கும் காரைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாத இடத்தைப் பிடிக்கும். கூரையும் உலர்ந்த தரையும் இல்லாத இடத்தில் பிரித்தால், சரிசெய்யும் வேகத்தைவிடத் துரு வேகமாக வரும்.

2. பார்க்கப் போகும்போது

முதலில் காகிதம். ஆவணத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் காரில் பொறித்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே படித்துச் சரிபாருங்கள். 17 இலக்க எண் முறை 1981க்குப் பிறகுதான் பரவலாக வந்தது. அதற்கு முந்தைய கார்களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழக்கப்படி எண் கொடுத்தது. அந்த மாடலில் எண் எங்கே பொறிக்கப்படும், எத்தனை இலக்கம் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். எண் இருக்கும் இடத்தைச் சுற்றி வெல்டிங் தழும்போ புது ரிவெட்டோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வாருங்கள். எண் பொருந்தாத காரை வாங்கிவிட்டால் அதை நேர்மையாக விற்கவே முடியாது.

அடுத்து காந்தம். துணி சுற்றிய சிறு காந்தத்தை எடுத்துக்கொண்டு சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பெட்டி, முன்கண்ணாடி ஓரம் எல்லா இடத்திலும் வைத்துப் பாருங்கள். தகரத்தில் ஒட்டும், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. விரலால் தட்டினாலும் சத்தம் வித்தியாசமாகக் கேட்கும். தரை விரிப்பைத் தூக்குங்கள். பேட்டரி வைக்கும் தட்டு, மாற்றுச் சக்கரம் வைக்கும் பள்ளம் இரண்டும் ஆசிட்டாலும் தேங்கிய தண்ணீராலும் முதலில் அரிக்கிற இடங்கள். கதவைப் பாதி திறந்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் தேய்ந்திருக்கலாம், கீல் பிடித்திருக்கும் தூணே அரித்திருக்கவும் செய்யலாம். அடியில் புத்தம்புது கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். விற்பதற்கு முந்தின வாரம் அடித்த பூச்சு எதையோ மறைக்கிறது.

எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கைவையுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால்தான் உண்மை தெரியும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. விடாமல் வரும் வெள்ளைப் புகை என்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அது பெரும்பாலும் கார்புரேட்டர் வேலையோடு முடியும். ஆயில் மூடியின் உள்ளே பால்போன்ற கசடு இருந்தால் ஹெட் காஸ்கெட்டை, அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்பைச் சந்தேகிக்கலாம்.

முடிந்தால் சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் மீட்டரைக் கொண்டுபோங்கள். எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பாருங்கள். 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் காஸ்கெட்டிலோ கோளாறு.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரித்தது. பழைய கார்கள் குறைவாகவே ஓடுவதால் பட்டன் ஆழமாகவே இருக்கும், ரப்பர் மட்டும் காய்ந்து வெடித்திருக்கும். 10 வருடம் தாண்டிய டயரின் விலையைப் பேரத்திலேயே கழித்துவிடுங்கள்.

3. பிரிப்பதற்கு முன் தீர்மானம், நோட்டு, படம்

கார் வந்ததும் கை பரபரக்கும். ஸ்பேனரை எடுக்காமல் ஒரு வாரம் பொறுங்கள். நன்றாகக் கழுவி, ஒவ்வொரு பக்கமும் படம் எடுத்து, இந்தக் காரை எந்த அளவுக்குச் சீரமைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.

இங்கே எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரிஜினல் பெயின்டும் உள்ளலங்காரமும் ஓரளவு நல்ல நிலையில் இருந்தால் அவற்றை அப்படியே காப்பாற்றுங்கள். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, 1966இல் உருவானது. குறைந்தது 30 வருடம் பழமையான, வரலாற்றுப்படி சரியான நிலையில் பேணப்படும், தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படாத வாகனத்தையே அது வரலாற்று வாகனம் என்கிறது. 2012இல் அது ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும், புதிதாக மாற்றுவதைவிட இருப்பதைப் பாதுகாப்பதற்கே முன்னுரிமை தரச் சொல்கிறது. நிறம் மங்கியிருந்தாலும் தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் அந்தக் காரின் சாட்சி. சுரண்டி எடுத்துவிட்டால் யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. வாங்குபவர்களும் இதை உணர்ந்து வருகிறார்கள்.

பட்ஜெட் எழுதுங்கள். எழுதிய தொகையோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கு எல்லோரும் ஒதுக்குவார்கள். குரோம் முலாம், சீட் தோல், ரப்பர் பீடிங் மூன்றையும் மறந்துவிடுவார்கள். பாதியில் நின்றுபோகும் வேலைகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் பெயின்ட் முடிந்து இந்த மூன்றில் பணம் தீர்ந்தவைதான்.

பிறகு நோட்டு. என்றைக்கு எதைக் கழற்றினேன், எந்த நிலையில் இருந்தது, என்ன வாங்கினேன், என்ன விலை, எல்லாம் அதில் வரவேண்டும். கழற்றும் ஒவ்வொரு இணைப்பையும் கழற்றும் முன் படம் எடுங்கள். போல்ட்டுகளைப் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுங்கள். முடிந்த இடத்தில் போல்ட்டை அதன் துளையிலேயே இரண்டு சுற்று முடுக்கி விட்டுவிடுவது இன்னும் நல்லது. உடைந்த பாகத்தையும் கிழிந்த சீட் துணியையும் புதியது பொருத்தி முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள். அளவெடுக்க அதைவிட்டால் வேறு மாதிரி கிடைக்காது.

4. உயிருக்கான விதிகள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

ஜாக்கி காரைத் தூக்க மட்டுமே. தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, காரை ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்த்த பிறகுதான் அடியில் போகவேண்டும். பெட்ரோல் டேங்கில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். வருடக்கணக்கில் காலியாக இருந்த டேங்கிலும் ஆவி இருக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். கிளீனர் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிறகே அதை வெல்டிங் நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

பழைய பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து மூடிப் போடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே நீர் விட்டுத் தேயுங்கள். ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் இன்றைய 2கே பெயின்டில், அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. அது நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. வெளியிலிருந்து குழாய் வழியாகத் தூய காற்று தரும் முகமூடி இல்லாமல் அதை ஸ்பிரே செய்யாதீர்கள். அந்த வசதி இல்லையென்றால் பெயின்டை வெளியில் கொடுத்துவிடுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

5. தூங்கிய எஞ்சினை எழுப்புவது

பல வருடம் நின்ற எஞ்சினில் புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பக்கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றவில்லையென்றால் இன்னும் ஊறட்டும். பலத்தைக் காட்டினால் ரிங் உடையும்.

சுற்றினால், பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள். பழைய பெட்ரோல் பிசின்போலக் கெட்டியாகியிருக்கும். டேங்கைக் காலிசெய்து, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் அந்தக்கால ரப்பரைக் கரைக்கிறது. கசிந்த பெட்ரோல் எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டில் விழுந்தால் கார் எரியும். இனி பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றி, ஆயில் அழுத்தம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறிய பிறகு பிளக்கை மாட்டலாம்.

ஸ்பார்க் இல்லையென்றால் பாயின்ட்டைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் சிறு மின்தொடர்பு முனைகள்தான் அவை. பல பிரிட்டிஷ் கார்களில் பாயின்ட் இடைவெளி சுமார் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். மெல்லிய அரத்தாள் கொண்டு முனைகளைச் சுத்தம் செய்து இடைவெளி வைத்தாலே பாதி எஞ்சின்கள் பேசத் தொடங்கிவிடும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையோ அதன் மேல் உரசி நகரும் டாப்பெட்டையோ புதிதாகப் போட்டிருந்தால், முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாமல் சுமார் 2000 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். தட்டையான டாப்பெட் உள்ள எஞ்சின்களுக்குத் துத்தநாகச் சேர்மானம் கூடுதலாக உள்ள ஆயில் வேண்டும். இன்றைய கார்களுக்கான ஆயிலில் அது குறைவு.

ஈயம் கலந்த பெட்ரோல் கார்களுக்கு விற்பது 2021இல் உலகம் முழுக்க முடிவுக்கு வந்துவிட்டது. அந்த ஈயம்தான் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது. ஹெட்டைக் கழற்றும் சந்தர்ப்பம் வந்தால் கடினப்படுத்திய வால்வு இருக்கைகளைப் போட்டுவிடுங்கள். அந்த ரசீது விற்கும்போது நிறையப் பேசும்.

6. டிங்கரிங்: மாதங்கள் போகும் இடம்

சீரமைப்பில் பாதிக்கு மேற்பட்ட காலம் இங்கேதான் போகும். தனி சேஸிஸ் இல்லாத கார்களில் சில் பெட்டியும் தரைத் தகடும்தான் முதுகெலும்பு. அவற்றை அறுத்த கணத்தில் கார் தன் எடையில் தானே வளையத் தொடங்கும். திறந்த கூரையுள்ள கார்களில் இது இன்னும் மோசம்.

என் இரண்டாவது காரில் இரு பக்கச் சில்லையும் ஒரே வார இறுதியில் அறுத்து எடுத்தேன். முட்டு எதுவும் கொடுக்கவில்லை. புதுச் சில்லை அழகாகவே வெல்டிங் செய்தேன். கதவை மாட்டியபோது பூட்டு இருக்கும் பக்கம் விரல்கனம் தாழ்ந்து நின்றது. பாடி வளைந்த நிலையிலேயே இறுகிவிட்டது. எல்லாவற்றையும் திரும்ப அறுத்துச் சரிசெய்ய ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. அன்றிலிருந்து நான் பின்பற்றும் வரிசை இது.

காரைச் சமதளத்தில், தரை மட்டத்துக்குச் சரியாக ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். கதவு வாசலின் குறுக்கே சதுர இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து முட்டுக் கொடுங்கள். மூலைக்கு மூலை அளவெடுத்து நோட்டில் எழுதுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். புதுத் தகட்டைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, கதவை மாட்டி, இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்த பின்புதான் வெல்டிங். அதையும் முதலில் ஆங்காங்கே புள்ளியாக வையுங்கள். மறுபடி கதவைப் பாருங்கள். சரியில்லையென்றால் நான்கு புள்ளிகளை அறுப்பது சுலபம்.

பாடித் தகடு 0.8 முதல் 1 மில்லிமீட்டர் கனம்தான். கம்பியைத் தொடர்ந்து தள்ளும் எம்ஐஜி வெல்டிங்கில் 0.6 மில்லிமீட்டர் கம்பியும் ஆர்கான் கலந்த வாயுவும் பயன்படுத்துங்கள். நீளமாக ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகடு அலைபோல நெளியும். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி, பிறகு இந்த ஓரத்தில் ஒன்று அந்த ஓரத்தில் ஒன்று என்று ஆறவிட்டு ஆறவிட்டு நிரப்புங்கள். பொறுமைதான் இங்கே கருவி. வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.

துருவை வெட்டும்போது நல்ல தகரம் தெரியும் வரை வெட்டுங்கள். பழைய தகட்டின் மேல் புதுத் தகட்டை ஒட்டு போடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஈரம் தங்கி, இரண்டு மூன்று வருடத்தில் உங்கள் பெயின்டின் அடியிலிருந்து கொப்புளம் கிளம்பும். அப்போது கார் வேறொருவரிடம் இருக்கும். உங்கள் கையால் விற்ற காரில் அந்தக் கொப்புளம் வரக்கூடாது என்ற நினைப்பு வெட்டும்போதெல்லாம் இருக்கட்டும்.

பட்டியும் தேவையான பொருள்தான். ஓரிரு மில்லிமீட்டர் மேடுபள்ளத்தைச் சமன்செய்ய அது உதவும், ஓட்டை அடைக்க உதவாது. தகரத்தின்மேல் எபாக்ஸி பிரைமர், இணைப்புகளில் சீம் சீலர், எல்லா பெயின்டும் முடிந்த பிறகு சில்லுக்குள்ளும் கதவுக்குள்ளும் மெழுகுத் தெளிப்பு. கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய சிறு பாகங்களின் துருவை எடுக்க மின்பகுப்பு முறை நன்றாக வேலை செய்யும். சலவை சோடா கரைத்த நீர், சாதாரண பேட்டரி சார்ஜர், ஒரு பழைய இரும்புத் துண்டு போதும். துருப்பிடித்த பாகம் நெகட்டிவ்வில், இரும்புத் துண்டு பாசிட்டிவ்வில். துண்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம், நச்சான குரோமியம் சேர்மம் வரும். ஹைட்ரஜன் வாயு எழும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள். ஸ்பிரிங்குகளையும் கடினப்படுத்திய போல்ட்டுகளையும் இதில் போடாதீர்கள், ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

7. பிரேக்கும் வயரிங்கும்

பல பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் திரவம் போகும் பாதை ஒரே சுற்று. ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஆகவே நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும் ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் சீல் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இரும்புக் குழாய்களுக்குப் பதிலாகத் தாமிர நிக்கல் குழாய் போடலாம், துருப்பிடிக்காது. பிரேக் திரவங்களில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 மட்டும் சிலிக்கான், மற்றவற்றோடு சேராது. கிளைகால் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பெயின்டில் ஒரு சொட்டு பட்டாலும் உடனே நீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்டைத் தின்றுவிடும்.

வயரிங்கில் முதலில் பார்க்க வேண்டியது எர்த் எந்தப் பக்கம் என்பது, அதாவது பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைகிறது என்பது. 1960களின் பிற்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த். பழக்கத்தில் நெகட்டிவ்வை பாடியில் மாட்டினால் பொருத்தியிருக்கும் ரேடியோவோ எலெக்ட்ரானிக் பாகமோ போய்விடும். பழைய பீட்டில்களில் 6 வோல்ட் என்பதையும் நினைவில் வையுங்கள். மின்கோளாறு என்று நினைத்துத் தேடுபவற்றில் பெரும்பகுதி எர்த் இணைப்பில் படிந்த துருதான். ஒவ்வொரு எர்த் முனையையும் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டிய பிறகு மற்றதைத் தேடலாம். துணி உறை பொடிந்த வயரை மட்டும் ஒட்டுப்போடாதீர்கள், முழு வயரிங்கையும் மாற்றுங்கள்.

8. பெயின்டும் உள்வேலையும்

பெயின்டுக்குக் கொடுக்கும் முன் பாடியில் எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பம்பர், விளக்கு, கண்ணாடி, ரப்பர், பீடிங் எல்லாம். பெயின்ட் அடித்த பிறகு துளை போடுவதும் தகடு வளைப்பதும் வேதனை. நிறம் தொழிற்சாலை கொடுத்த நிறங்களில் ஒன்றாக இருக்கட்டும். காரின் அடையாளத் தகட்டில் பல நிறுவனங்கள் நிறக்குறியீட்டையும் பொறித்திருக்கும். உங்களுக்குப் பிடித்த புது நிறம் அடுத்தவருக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, தொழிற்சாலை நிறத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சீட்டும் டாஷ்போர்டும் அப்படியே. தைத்தால் போதும் என்ற தோலை மாற்றாதீர்கள்.

9. விற்பதற்கு முன் ஓட்டுங்கள்

கடைசி போல்ட்டை முடுக்கியதும் விளம்பரம் போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புதிதாகச் சேர்த்த கார் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் தன் குறைகளைச் சொல்லும். எங்கோ ஆயில் கசியும், எங்கோ தளரும், போக்குவரத்தில் நின்றால் சூடேறும். இதையெல்லாம் நீங்கள் பார்க்க வேண்டும், வாங்கியவர் நெடுஞ்சாலையில் நின்று பார்க்கக்கூடாது. முதலில் வீட்டைச் சுற்றி, பிறகு பத்து கிலோமீட்டர், பிறகு நீண்ட பயணம். 100 கிலோமீட்டரில் சக்கர நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். சில நூறு கிலோமீட்டரில் வால்வு இடைவெளியும், கையேடு சொன்னால் ஹெட் போல்ட்டும். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள். மழையில் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள், எந்த ரப்பர் ஒழுகுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

"சீரமைத்த பின் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிச் சரிபார்த்தது" என்ற ஒரு வரி, "புத்தம் புதிதாகச் சீரமைத்தது" என்பதைவிட விவரம் தெரிந்தவரை அதிகம் இழுக்கும்.

10. விற்பனை

விலையை முடிவுசெய்ய, அதே மாடல் கார்கள் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று பாருங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை ஆசை மட்டுமே. மாதக்கணக்கில் அதே விளம்பரம் நின்றால் அந்த விலைக்கு ஆளில்லை என்று பொருள். ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலத்தின் விலைகளை வெளியிடுகின்றன, அவை நல்ல அளவுகோல். ஏலத்தில் விற்றால் கமிஷன் போகும், விலையும் உங்கள் கையில் இல்லை, ஆனால் வேலை சீக்கிரம் முடியும். அபூர்வ காருக்கு ஏலம் பொருந்தும். மினி, பீட்டில் போன்றவற்றுக்கு அந்த மாடலை நேசிப்பவர்களின் சங்கங்களிலேயே நல்ல ஆள் கிடைப்பார்.

படங்களை மேகமூட்டமான வெளிச்சத்தில், பின்னணி வெறுமையாக இருக்கும் இடத்தில் எடுங்கள். நான்கு மூலையிலிருந்தும், உள்ளே, எஞ்சின், டிக்கி, அப்புறம் அடிப்பகுதி. அடிப்பகுதிப் படம் போடாத விளம்பரத்தைப் பார்த்துத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆவதை வெட்டாமல் வீடியோ எடுத்துச் சேருங்கள்.

குறைகளை நீங்களே எழுதுங்கள். பின்கதவில் கீறல், கடிகாரம் ஓடவில்லை, மூன்றாவது கியர் குளிரில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அருகில் எடுத்த படத்தோடு எழுதுங்கள். நேரில் வந்து அவர் கண்டுபிடிக்கும் ஒரு குறை, நீங்கள் எழுதிய பத்துக் குறையைவிட அதிகமாக விலையை இறக்கும். எஞ்சின் மாற்றியிருந்தால் மாற்றியது என்று சொல்லுங்கள். தொழிற்சாலையில் பொருத்திய அதே எஞ்சின் இருக்கும் கார், அதாவது எண் பொருந்தும் கார் என்பதற்குத் தனி விலை இருக்கும் உலகில், அதைப் பொய்யாகச் சொல்வது மோசடி.

இப்போதுதான் அந்த நோட்டு மேசைக்கு வருகிறது. வாங்கியபோது இருந்த நிலை, அறுத்த சில், வைத்த முட்டு, பிரைமர், ரசீதுகள் எல்லாம் வரிசையாக ஒரு கோப்பில். நான் விற்ற ஒரு காருக்கு வந்தவர் காரைப் பத்து நிமிடம் பார்த்தார், கோப்பை ஒரு மணி நேரம் புரட்டினார், விலையில் எதுவும் குறைக்கச் சொல்லவில்லை.

ஓட்டிப் பார்க்கக் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தையும் காப்பீடு அவருக்கும் பொருந்துமா என்பதையும் பாருங்கள். முதலில் நீங்கள் ஓட்டி அவரை உட்கார வையுங்கள், பிறகு அவர் ஓட்ட நீங்கள் பக்கத்தில் இருங்கள். சாவியைக் கொடுத்துத் தனியாக அனுப்பாதீர்கள். பணம் உங்கள் கணக்கில் வந்து சேர்ந்ததை வங்கியிலேயே உறுதிசெய்த பிறகுதான் காரும் காகிதமும் கைமாற வேண்டும். கைப்பேசியில் காட்டும் ரசீதுப் படத்தை நம்பாதீர்கள். பார்க்காமலேயே வாங்குகிறேன், கூடுதலாக அனுப்புகிறேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். உரிமை மாற்றத்தை அன்றைக்கே பதிவுசெய்து, கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டில் நாள், நேரம், சேஸிஸ் எண், "உள்ள நிலையில்" என்ற சொல் எல்லாம் இருக்கும்படி பார்த்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

காரோடு மீதமிருக்கும் உதிரிபாகப் பெட்டியையும் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு இனி அது பயன்படாது. கூடவே ஒரு பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள்: குளிரில் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், எந்த ஆயில், எந்த பிரேக் திரவம், அடுத்து எப்போது மாற்ற வேண்டும், பாயின்ட் இடைவெளி எவ்வளவு, எர்த் எந்தப் பக்கம், ரிவர்ஸ் கியர் விழாவிட்டால் கிளட்சை எப்படி மிதிக்க வேண்டும். அந்தத் தாளை டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்துவிட்டு, முதல் ஸ்டார்ட்டை அவர் கையாலேயே செய்யச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள்.